பழைய போனும் ஓர் ஈரத்துணியும்

எங்கள் செல்போன் ரிப்பேர் கடை மேசையில் வாடிக்கையாளர் உட்காரும் பக்கம் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் நனைத்துப் பிழிந்த ஒரு துண்டுத் துணி. நான் வேலையை விட்டு வந்த அன்று, என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, கரண்டு வேல பாக்குத எடத்துல ஈரத்துணி எதுக்கு? எடுத்துப் போட்டிரட்டா?”

“போட்டிராத மக்கா” என்றேன். ஏன் என்று சொல்ல அன்று நேரமில்லை. கடை முதலாளி அண்ணாச்சி கேக் வாங்கி வைத்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனால் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே குனிந்தே இருந்து கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இனிக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இதே வேலையைப் பாடமாக நடத்தப் போகிறேன். சாமணத்தையும் சால்டரிங் அயனையும் பொறுத்தவரை என் காலம் முடிந்தது.

என் ஊர் மேலநீலிதநல்லூர் பக்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய், முழுதாகப் படித்து முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அம்மா இன்றைக்கும் கைநாட்டு. எந்தக் காகிதம் வந்தாலும் யாராவது ஒருவர் அவள் கட்டைவிரலைப் பிடித்து, மையில் அழுத்தி, தாங்கள் நினைத்த இடத்தில் வைத்து எடுப்பார்கள். விரல் மட்டும்தான் அவளுடையது. சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “என்னத்தவோ எழுதியிருக்காவ” என்பாள்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு சங்கரன்கோவிலில் கடை கடையாக ஏறினேன். “பொம்பளப்புள்ளய ரீசார்ஜ் போட வேணா வச்சுக்கிடுதோம்” என்றார்கள். ஜெபமணி அண்ணாச்சி மட்டும்தான் ஒரு செத்த போர்டைக் கையில் கொடுத்து, “எங்கன செத்துருக்குன்னு கண்டுபிடிங்க” என்றார். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்தேன். அவர் அதைச் சரிபார்த்தார். பாராட்டவில்லை. “நாளைக்குக் காலைல வந்துருங்க” என்றார். என் சான்றிதழின் நகலைச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே நானே மாட்டினேன்.

அண்ணாச்சி யாரையும் ஒருமையில் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தபின் கடை திறக்கக் கெஞ்சினாலும் திறக்கமாட்டார். வாங்கிய போனை மேசையில் கவிழ்த்துத்தான் வைப்பார். வாடிக்கையாளர் லாக்கைத் திறக்கும்போது நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தச் சுவரில் பழைய காலண்டர் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும்.

போனை விற்கவோ கொடுக்கவோ வருகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. சிம்மையும் மெமரி கார்டையும் அவர்களே கழற்ற வேண்டும். பேங்க் ஆப்பு, வாட்ஸ்அப், மெயில் எல்லாவற்றிலிருந்தும் அவர்களே வெளியே வர வேண்டும். எங்கே தொட வேண்டும் என்று மட்டும் நாங்கள் சொல்வோம். பிறகு எல்லாவற்றையும் அழிக்கும் இடத்துக்குப் போய், ‘அழிக்கவா?’ என்று போன் கடைசியாகக் கேட்கும்போது, போனை அவர்கள் பக்கம் தள்ளிவிட வேண்டும். கடைசிப் பொத்தானை நாங்கள் அமுக்கக் கூடாது.

“நேரம் மிச்சமாகும்லா அண்ணாச்சி, நானே அமுக்கிட்டா என்ன?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அது அவங்களுக்குச் சொந்தமானது. இருக்கணுமா போகணுமான்னு அவங்க விரல் சொல்லட்டும்.”

ஒருநாள் இருபது வயசுப் பையன் ஒருவன் ஒரு போனைக் கொண்டுவந்து லாக்கை எடுக்கச் சொன்னான். பிங்க் நிறப் பவுச், ஓரத்தில் மணி கோத்திருந்தது.

“யார் போனு தம்பி?” என்றார் அண்ணாச்சி.

“என் போனுதான்.”

“உங்க போன்னா உங்க விரலுக்குத் திறக்கும்லா?”

“என் தங்கச்சியுது. நான்தான் வாங்கிக் குடுத்தேன். வாங்கிக் குடுத்தவனுக்குப் பாக்க உரிமை இல்லையா?”

“இருக்கு தம்பி. தங்கச்சிய வரச் சொல்லுங்க. அவங்க திறந்து காட்டுவாங்க, நீங்க பாருங்க.”

அவன் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வேறு கடைக்குப் போனான். அங்கே திறந்து கொடுத்திருப்பார்கள். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. பிங்க் பவுச்சைப் பார்த்தால் இன்னும் அந்த ஞாபகம் வரும்.

பேட்டரியின் குணத்தை நான் கற்றது ராயகிரியிலிருந்து வந்த ஒரு விவசாயியால். அவர் போனின் முதுகு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வைத்திருந்தார். நான் பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்து வைத்துவிட்டு ஸ்குரூவைத் தேடித் திரும்பினேன்.

“இதுக்குப் போயி ஏம்மா பயப்படுதிய? மாட்டுக்கு வயிறு உப்புனா குத்திக் காத்த எடுத்துவிடுவோம்லா? அதுமாதிரிதான்” என்றபடி சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டார்.

சீறிக்கொண்டு வெள்ளைப் புகை வந்தது. நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தேன். அண்ணாச்சி என் கையைத் தட்டிவிட்டு, பேட்டரியை இடுக்கியால் தூக்கி மேசைக்கடியில் இருந்த மணல் டின்னுக்குள் போட்டு மேலே மணலைத் தள்ளினார். எல்லோரையும் வெளியே அனுப்பினார். மணல் டின் எதற்கு என்று அதுவரை நான் கேட்டதே இல்லை; தீபாவளி ராக்கெட் விடத்தான் என்று நினைத்திருந்தேன். புகை அடங்கியதும் அந்த மனிதருக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “மாடு நம்மகிட்ட கோவிச்சுக்கிடாது. இது கோவிச்சுக்கிடும்” என்று மட்டும் சொன்னார்.

உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, குப்பையோடு எரிக்கக் கூடாது. எங்கள் தெருவில் குப்பையைக் கூட்டித் தீ வைப்பவர்களிடம் இன்றும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய பேட்டரிகளை முனையில் டேப் ஒட்டி, மணலில் வைத்துச் சேர்த்து, மின்கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்கள் வரும்போது கொடுப்போம். அதற்காக அவர்களை போனில் விரட்டிக்கொண்டே இருப்பதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

இனி கோமதி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம், கடையில் ஆண்கள் மூன்று நாலு பேர் நின்றிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எதிர்க்கடை நிழலிலேயே நின்றிருந்தார். தலையில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. விசைத்தறியிலிருந்து நேரே வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கூட்டம் கலைந்ததும் உள்ளே வந்து, அண்ணாச்சியைத் தாண்டி என்னிடம் குனிந்தார்.

“பொம்பளப்புள்ள இருக்கியேன்னுதான் வந்தேன். இல்லேன்னா வந்திருக்கமாட்டேன்.”

அவரை உள்ளே, ஸ்பேர்ஸ் வைத்திருக்கும் அறைக்குக் கூட்டிப்போனேன். நின்றபடியே சொன்னார். மார்பில் கட்டி வந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். புண் ஆறுகிறதா என்று காட்ட ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வர வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பு என்று நர்சு சொல்லியிருக்கிறார். மகள் எடுத்து அனுப்பியிருக்கிறாள். புண் ஆறிவிட்டது. போன் கீழே விழுந்து டிஸ்பிளே போய்விட்டது. அலமாரியில் கிடந்த அந்தப் போனை அன்று காலையில் மாமியார் எடுத்து, ‘பழைய செல்போனுக்குப் பிளாஸ்டிக் சாமான்’ என்று மைக் கட்டிக்கொண்டு வந்தவரிடம் கொடுத்து ஓர் அன்னக்கூடை வாங்கிவிட்டார்.

“செத்த போன்தானட்டின்னு கேக்காவ. அவியளக் குத்தஞ் சொல்ல முடியாது. நானும் செத்ததுன்னுதான் நெனச்சேன். தறியில ஒருத்தி சொன்னா, டிஸ்பிளே மாத்துனா எல்லாம் அப்படியே இருக்கும்னு. நெசமா?”

பொய் சொல்ல முடியவில்லை. “ஆமாக்கா. முகம் மட்டுந்தான் போயிருக்கு. உள்ள எல்லாம் இருக்கும்.”

அறைக்கதவைத் தள்ளிச் சாத்தினார். “என் வீட்டுக்காரவுகளுக்கே நான் காட்டலட்டி.”

யாரோ ஒருவன் ஒரு டிஸ்பிளேயை மாட்டி லாக்கைத் திறந்தால் போதும். அவர் உடம்பு இந்த ஊரின் ஒவ்வொரு போனுக்கும் போய்விடும்.

இன்னொரு போனிலிருந்து அவருடைய மெயிலுக்குள் போய், தொலைந்த போனை அழிக்கச் சொல்லும் வழி ஒன்று உண்டு. அதை முயன்றேன். மெயிலும் பாஸ்வேர்டும் போன் விற்ற கடையில் யாரோ போட்டுக் கொடுத்தது. என்னவென்று அவருக்குத் தெரியாது. வாங்குகிறவருக்கே தெரியாமல் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் இந்தப் பழக்கம் எங்கள் ஊர்க் கடைகளில் இன்றும் இருக்கிறது. போனை லாக் செய்ய ஒரு கோடு வரைவார், அது மட்டும் அவருடையது. அதையும் மகளும் மகளின் தோழிகளும் அறிவார்கள்.

அண்ணாச்சியிடம் போனேன். “அண்ணாச்சி, அக்காவோட போனு பழைய சாமானுக்குப் போயிட்டு. அழிக்காமப் போயிட்டு.” உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“என்ன இருக்குன்னு எனக்கு வேண்டாம்” என்று கையமர்த்தினார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பகல் வியாபாரத்தில் அவர் ஷட்டர் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பிளாஸ்டிக் சாமான்காரர்கள் மத்தியானச் சுற்று முடிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு குடோனில்தான் மூட்டையை இறக்குவார்கள். அண்ணாச்சி ஸ்கூட்டரில் முன்னால் போக, நானும் கோமதி அக்காவும் ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அவர் சேலைத் தலைப்பை இடப்பக்கம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தார்.

குடோன்காரர் மைதீன் பாய். மூட்டைகள் வரிசையாக நின்றன. தரையில் தார்ப்பாய் விரித்து நாலு பெண்கள் போன்களைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பவுச் ஒரு குவியல், சார்ஜர் ஒரு குவியல், பேட்டரி ஒரு குவியல்.

“வாங்க அண்ணாச்சி, நம்ம கடைக்கும் வழி தெரிஞ்சிட்டா?” என்றார் பாய். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. “எடைபோட்டு வாங்கின சரக்கு. ஒருத்தருக்குத் தேட விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். லாரிக்காரன் வேற வந்துட்டிருக்கான்.”

“ஊர் வராது பாய். ஊருக்கு இதுல பயமே இல்லையே. அதுதான் பிரச்சினை.”

பாய் என்னையும், எனக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற அக்காவையும் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, “யா அல்லாஹ்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஆண்களை எல்லாம் டீ குடிக்க அனுப்பினார். “அடையாளம் சொல்லும்மா. பிள்ளைங்க தேடித் தருவாங்க.”

“பின்மூடி விட்டுப்போச்சுன்னு பாவு நூலச் சுத்திக் கட்டியிருப்பேன். ஊதா நூலு” என்றார் கோமதி அக்கா. அவர் அங்கே பேசிய முதல் பேச்சு அது.

தறிக்காரர்கள் உடைந்தது எதையும் தறியில் ஓடும் பாவு நூலால்தான் கட்டுவார்கள். குடைக்கம்பி, செருப்பு வார், செல்போன் எல்லாம். தார்ப்பாய்மேல் உட்கார்ந்து நாங்களும் தேடினோம். எத்தனை வீடுகளின் போன்கள் அவை! சாமி படம் ஒட்டியவை, பிள்ளைகள் பல்லால் கடித்தவை, கல்யாணப் படம் பவுச்சுக்குள் செருகியவை. எதிலும் சிம் தட்டைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை.

“ஏ, ஊதா நூலு!” என்று ஒரு பெண் கத்தினாள். அவள் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. நூலை அறுத்து, உப்பியிருந்த பேட்டரிக்கு அடியில் நெம்பப் போனாள்.

“நெம்பாத!” என்று நான் போட்ட கூச்சலில் குடோனே நின்றுவிட்டது. போய் வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி பேட்டரிக் குவியலைக் காட்டி, மணல் வாங்கிப் போடச் சொல்லி பாயிடம் பேசிக்கொண்டிருந்தார். பாய் போனுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா அதை இரண்டு கைகளாலும் மூடி வைத்திருந்தார். பாலத்தில் ஏறியதும், “நிப்பாட்டச் சொல்லு. கல்லால அடிச்சுத் தண்ணிக்குள்ள போட்டிருதேன்” என்றார்.

“அடிச்சா பேட்டரி வெடிக்கும்க்கா. தண்ணியில போட்டாலும் உள்ள இருக்க சில்லு அழியாது. உங்க கையாலயே அழிப்போம், வாங்க.”

கடைக்குள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அண்ணாச்சி வெளியே ஸ்டூல் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் பேட்டரிக்குக் கீழே இருந்த பசையை ஸ்பிரிட் விட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் பட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து எடுத்தேன். முனையில் டேப் ஒட்டி மணலில் வைத்தேன். மெமரி கார்டு உள்ளேயே இருந்தது. கத்தரிக்கோலை அவரிடம் கொடுத்தேன். கார்டை அவரே நறுக்கினார். பிறகு மேசையிலிருந்த பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் கொடுத்து, வேறொரு டிஸ்பிளேயைத் தற்காலிகமாக மாட்டினேன்.

வெளிச்சம் வந்தது. அவர் பதறிச் சேலைத் தலைப்பால் அதை மூடினார். போனை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அண்ணாச்சி பார்க்கும் அதே காலண்டரைப் பார்த்தேன்.

எந்த வழியில் போய் அழிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“அக்கா?”

“ஒரு நிமிசம்ட்டி. நான் இதெல்லாம் பாத்ததே இல்ல. பிள்ள எடுத்து எடுத்து அனுப்பினா. நான் மொகத்த மூடிக்கிடுவேன்.”

காத்திருந்தேன். வெளியே கோவிலுக்குப் போகும் கூட்டத்தின் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, “ஏட்டி, இங்கன திரும்பு” என்றார்.

“நாங்க பாக்கக் கூடாதுக்கா.”

“நான்தான காட்டுதேன். பாரு.”

திரும்பினேன். முதல் படத்தில் தையலும் ரத்தக்கசிவும். அவர் விரலால் தள்ளத் தள்ளப் புண் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது, வரப்பு மாதிரி.

“ஆறிட்டுலா?” என்றார். என்னிடமிருந்து அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

“நல்லா ஆறிட்டுக்கா.”

தலையசைத்தார். பிறகு நான் சொன்ன வழியிலேயே, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டுப் போனார். போன் கடைசியாகக் கேட்டது. அவர் அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். வருஷக்கணக்காக நூல் ஓடி ஓடி விரல்நுனி வழுவழுவென்று காய்ந்து போயிருந்தது. அன்று குடோன் தூசி வேறு. கண்ணாடிக்கு அந்த விரல் தெரியவில்லை.

“என் விரலு எதுலயும் விழாதுட்டி. ரேஷன் கடையிலயும் இப்படித்தான். நீயே அமுக்கிரு.”

என் விரல் நல்ல விரல். ஒரு நொடி வேலை. அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியவர்களும் அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவரிடம் நீட்டினேன். “தொடச்சுட்டு அமுக்குங்கக்கா. விழும்.”

அவர் விரலை நிதானமாகத் துடைத்தார். ஈரம் லேசாக ஏறியதும், பொட்டு வைப்பது போல் மெதுவாக வைத்து எடுத்தார். திரை கறுத்தது. பிறகு, கடையில் வாங்கிய முதல் நாள் போல, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் புதிதாகக் கேட்டது.

அக்கா வெளியே போகும்போது அண்ணாச்சி ஸ்டூலைவிட்டு எழுந்து வழிவிட்டார். “முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார்.

“முடிஞ்சுது அண்ணாச்சி. நானே அமுக்கிட்டேன்.”

இப்போது ஆன்லைனில் வாங்கும் புதுப் போனைக் கொண்டுவந்து கொடுக்கிறவரே வாசலில் வைத்துப் பழையதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அவசரத்தில் கொடுத்துவிடுகிறோம். சிம்மைக் கழற்றிவிட்டால் போதும் என்று பட்டதாரிகளும் நினைக்கிறார்கள். திரை எரியாத போனுக்குள்ளும் ஒரு வீடு முழுதாக விழித்திருக்கிறது.

கோமதி அக்கா வந்துபோன மறுநாள் காலையில் நான் கடைக்கு வந்தபோது, வாடிக்கையாளர் பக்கம் அந்த எவர்சில்வர் கிண்ணம் இருந்தது, அதில் ஈரத்துணியோடு. அண்ணாச்சி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். தறிக்காரர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், களை பறிக்கிறவர்கள் என்று விரல் தேய்ந்தவர்கள்தான் எங்கள் கடைக்கு அதிகம் வருகிறார்கள்.

அதனால் மக்கா, இரண்டு பேரும் துணி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை நனைத்துப் பிழிந்து வையுங்கள். அவர்கள் துடைத்து முடிக்கும்வரை நீங்கள் காலண்டரைப் பாருங்கள்.